விருந்தாளிகள் பக்கம்

அன்புள்ள கினுயோ,

இங்கே மட்சுயாமாவில் ஆரஞ்சு பழுத்துவிட்டது. அகிடாவில் குளிர் தொடங்கியிருக்கும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாலங்களில் விரிசல் பார்க்கும் வேலை இந்த வயதிலும் எனக்கு ஒத்துப்போகிறது. கவலைப்படாதே.

ஞாயிறன்று நம்மூர்க் கால்பந்து அணி இங்கே ஆட வந்தது. மூன்று முறை சரிபார்த்தும் உள்ளூர்க்காரர்கள் பக்கத்து டிக்கெட்டைத்தான் வாங்கியிருக்கிறேன். நம் அணியின் நீலத் துண்டைக் கண்டதும் அருகிலிருந்த பெண்மணி, "தாத்தா, அத உள்ள வைங்க. எங்க ஆளுங்க தோத்தா உங்களத்தான் கேப்பேன்" என்று சிரித்தார். வைத்துவிட்டேன்.

எதிரே, விருந்தாளி அணிக்கு ஒதுக்கிய பக்கத்தில், நம்மூர் ரசிகர்கள் நடுவில், நம் ரியோஹெய் மேளம் அடித்துக்கொண்டிருந்தான். பாலம் பார்க்கும் பைனாகுலரில் இருமுறை பார்த்தேன், அவனேதான். மகனைப் பார்த்துப் பத்து மாதமாகிறதே என்று இடைவேளையில் அங்கே போக முயன்றேன். காவலுக்கு நின்ற பெண் குனிந்து வணங்கினாள்.

"மன்னிக்கணும் ஐயா, இந்த டிக்கெட்டுக்கு அங்க விட மாட்டோம். மகனுக்கு ஒரு போன் போட்டு வாசலுக்கு வரச் சொல்லுங்களேன்."

போட்டுக்கொண்டே பைனாகுலரில் பார்த்தேன். அவன் போனை வெளியே எடுத்துப் பார்த்தான். பிறகு பைக்குள் வைத்துவிட்டு மேளக் குச்சியை எடுத்தான்.

நம் அணி வென்றது. நான் கை தட்டவில்லை.

அவனுக்கு லீவு கிடைக்காததால் என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்ப ஆளில்லை என்று எழுதியிருந்தாய். தபாலிலேயே அனுப்பு. தபால்காரர் கடிதம் எடுக்க வரும் நேரமாகிவிட்டது. அவனிடம் எதுவும் கேட்காதே. அவன் வந்தது உனக்கு முன்பே தெரியுமென்றால், அதை எனக்கு எழுதாதே.

சடாயோஷி