பின்னால் கேட்கும் சத்தம்

ஜூலை 17, வியாழன்

உடம்பு அசதி, ஆனால் தூக்கம் வரவில்லை. சுதாவின் தம்பி திருநெல்வேலியிலிருந்து மறுபடி மெசேஜ் போட்டிருக்கிறான். "அத்தான், உங்க போனையே நானும் வாங்கட்டுமா? நல்லது கெட்டது சொல்லுங்க."

கேமரா பிரமாதம். பொன்முடிப் பனியிலும் முகம் தெளிவாக விழுகிறது. ஆனால் சட்டைப் பையில் செங்கல் மாதிரி கனக்கிறது. கழக்கூட்டம் டிராஃபிக்கில் மேப் போட்டால் சூடாகிவிடுகிறது. இவ்வளவும் டைப் செய்து அழித்துவிட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது சுதா கூப்பிட்டாள். பழைய போனில் அவளிடம் எதையும் மறைக்க முடியாது. பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்தே எந்த ஜங்ஷனில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவாள். ஸ்கேன் எடுத்ததை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று, நர்ஸ் மைக்கில் பேர் கூப்பிடும் ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நின்றேன்.

"ஆபீஸ் ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? மீட்டிங்கா?" என்றாள். "வரும்போது மரச்சீனிக் கிழங்கு வாங்கிட்டு வாங்க, கேட்டோ." இந்த ஊர் மலையாளம் அவள் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது.

அவள் பேசும்போதே ஸ்பீக்கரில் என் பேர் வந்தது, இரண்டு தடவை. அவளுக்குக் கேட்கவில்லை.

இந்தப் புதுப் போன் பின்சத்தத்தைச் சுத்தமாக வடிகட்டிவிடும் என்று வாங்கும்போதே கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்காகத்தான் இதை வாங்கினேன்.

மரச்சீனி அவித்து, தொட்டுக்கொள்ள சம்மந்தித் துவையல் அரைத்து வைத்தாள். சாப்பிட்டோம். இப்போது பக்கத்தில் தூங்குகிறாள்.

போனில் ஒரு குறையும் இல்லை என்று அவள் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.