கன்னியர் கல்லூரிக் கண்ணாடியில் உங்கள் பொட்டு

சித்தி,

உங்கள் பொட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கன்னியர் கல்லூரியின் கீழ்த்தளக் கழிப்பறையில், கை கழுவும் இடத்துக் கண்ணாடியின் வலது மூலையில், நீங்கள் ஒட்டிய அதே மெரூன் பொட்டு. இன்று பின்னேரம், கல்லூரி உங்களுக்குத் தந்திருந்த நீல வேலைச்சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அம்மா அதைத் தோய்த்து, அழுத்தி, என் கையில் தந்துவிட்டு, "நீ போ, எனக்கு ஏலாது" என்றுவிட்டார். உங்கள் அக்கா அல்லவா, அழுகையைக்கூட மடித்துத்தான் வைத்திருக்கிறார். சட்டையைக் கொடுத்த பிறகு முகம் கழுவப் போனேன். நிமிர்ந்தால் நீங்கள். முழுதாக இல்லை, நெற்றியின் நடு மட்டும்.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. லா சப்பலில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கி, ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மேலும் கீழும் நடந்து, தேநீர் வாங்கி, அதையும் குடிக்காமல், மரக்கறிக் கடை வாசலில் நின்றபடி கைபேசியில் இதைத் தட்டுகிறேன்.

இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் உங்கள் காலில் கிடந்து குளித்தவர்கள். பகலில் உணவகத்தில் ரோல்ஸ் சுற்றுவீர்கள். மிச்ச நேரம், எந்த வீட்டில் பிள்ளை பிறந்ததோ அந்த வீட்டில். தாய் பக்கத்தில் இல்லாமல் இந்த ஊரில் பெற்றவர்களுக்கெல்லாம் பத்தியத்துக்குச் சரக்குக் கறி காய்ச்சி, பிள்ளையைத் தோய வார்த்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை கூட நின்றீர்கள். நானும் அந்தக் காலில் கிடந்தவள்தான். குளித்து முடிந்து துடைத்த கையோடு உங்கள் சேலையை நனைத்துவிட்டேனாம். என் முதல் பகிடி அது என்பீர்கள்.

செய்த வேலையையே படிப்பாகக் கணக்கில் எடுத்து, குழந்தைப் பராமரிப்பு டிப்ளோமில் முதல் வருடத்தைக் கழித்துத் தரும் கல்லூரி இருக்கிறது என்று நான்தான் தேடிப் பிடித்தேன். "டிப்ளோம் கிடைச்சா காப்பகத்திலை வேலை. கிடைக்காட்டி கடைசிவரைக்கும் ரோல்ஸ்தான்" என்றீர்கள். ஒரே சிக்கல், அதை நடத்துகிறவர்கள் கன்னியாஸ்திரிகள்.

வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே மரக்கறிக் கடை அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "கிறிஸ்தவப் பள்ளிக்கூடமோ? பொட்டோடை போனா வாசல்லையே திருப்பி அனுப்பிப்போடுவினம், அக்கா. ஒரு செபமாவது பாடமாக்கிக்கொண்டு போங்கோ."

வருடம் தவறாமல் லூர்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிற நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். பரலோக பிதாவின் செபத்தை நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, குசினியில் வெங்காயம் அரிந்தபடி திருப்பிச் சொன்னீர்கள். கடைசியில் நான் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். கத்தி நின்றது.

"எடி, பிதாவிட்டை சோஸ் பிளான்ஷ் கேக்கச் சொல்லுறியோ? நான் ரெஸ்ரோறண்டிலை வேலை செய்யிறனான், மறந்திட்டியோ?"

"அப்பம் கேக்கிறம்தானே சித்தி. தொட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சோஸ் வேண்டாமோ?"

அகப்பையோடு துரத்தினீர்கள். படிக்கட்டுவரை துரத்திவிட்டு அங்கேயே இருந்து சிரித்தீர்கள்.

நேர்காணல் நாளில்தான் அந்தக் கண்ணாடி முன் பொட்டைக் கழற்றி மூலையில் ஒட்டினீர்கள். "எப்பிடியடி இருக்கு?" "பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கு, சித்தி." சிரிக்கவில்லை. செபத்தை இன்னொரு முறை முணுமுணுத்தீர்கள்.

உள்ளே மூன்று பேர். நான் மொழிபெயர்ப்பு. தலைமைக் கன்னியாஸ்திரி முதல் கேள்வியைக் கேட்டார்: குழந்தை அழுகையை நிறுத்தாவிட்டால் என்ன செய்வீர்கள்? நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் எழுந்து நின்று, கை கூப்பி, பரலோக பிதாவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னீர்கள். அவர் பழக்கத்தில் ஆமென் என்றார். பிறகு கேள்வித்தாளையும் உங்களையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கே பகிடி வரவில்லை என்றால் பாருங்கள்.

"அழுற பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லுறனீங்களோ எண்டு கேக்கிறா, சித்தி."

"விசரோ? பிள்ளையை முதல்லை தூக்க வேணும்."

அதை அப்படியே பிரெஞ்சில் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, தூக்கிக் காட்டச் சொன்னார். என் குளிர் ஜாக்கெட்டை வாங்கிப் பிள்ளைபோலச் சுருட்டினீர்கள். சேலையை ஒதுக்கி, தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதைக் குப்புறக் கிடத்தி முதுகைத் தடவினீர்கள். அதன்பின் அவர்கள் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னீர்கள். வெளியே வரும்போது அவர் உங்கள் நெற்றியில் வெளிறிக் கிடந்த வட்டத்தைக் காட்டி, "இங்கே ஏதோ இருந்திருக்கிறது. அடுத்த முறை அதோடு வாருங்கள்" என்றார்.

முதல் வருடப் படிப்பை முழுதாகக் கழித்துத் தந்தார்கள். 'சித்தி சித்தியடைந்தார்' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். "பாதிச் சித்திதானடி. மற்றப் பாதிக்கு இருந்து படிக்க வேணும்" என்றீர்கள்.

வகுப்புத் தொடங்கிய அன்று நானும் கூட வந்தேன். நெற்றியில் புதுப் பொட்டு, கண்ணாடியில் பழையது. உரிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டீர்கள். "விடு. ஊரிலை பஸ் சன்னலாலை கைலேஞ்சியை எறிஞ்சு சீற் பிடிக்கிறனாங்கள். இதுவும் அப்பிடித்தான். டிப்ளோம் எடுத்திட்டுக் கழட்டுறன்."

என் வயதுப் பெட்டைகளுக்கு நடுவே டிசம்பர் நத்தார் விடுமுறைவரை படித்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துகூட, "ஸ்தாஜ் தொடங்க முதல் எழும்பிடுவன்" என்றீர்கள். காப்பகத்தில் அந்த ஸ்தாஜ் பயிற்சி தொடங்கியபோது நீங்கள் இல்லை.

இன்று அந்தப் பொட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நகத்தை விட்டேன். ஓரம் சற்றுக் கிளம்பியது. பின்னால் வாளியோடு நின்ற துப்புரவுப் பெண், "அதைத் தொடாதே. அது ஒரு மேடம் வைத்தது. நான் அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்" என்றார் பிரெஞ்சில். ஏன் என்று கேட்டேன்.

"இடம் பிடித்து வைத்திருக்கிறாராம்."

உங்கள் பிரெஞ்சில் அந்த பஸ்ஸையும் லேஞ்சியையும் எப்படித்தான் விளங்கப்படுத்தினீர்களோ. அந்த மேடம் இனி வரமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, கிளம்பிய ஓரத்தைப் பெருவிரலால் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.

தேநீர் ஆறிவிட்டது. அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு, "ஏன் பிள்ளை நிக்கிறாய், இரன்" என்கிறார். இருக்க முடியவில்லை, சித்தி. இப்படி அந்தரப்படும்போதெல்லாம் உங்கள் செபத்தைத்தான் வாய்க்குள் சொல்கிறேன். ஆமெனுக்கு முன்னால் என் வரியையும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லி முடித்ததும், அகப்பைக்குப் பயந்து, பழக்கத்தில் ஓர் அடி பின்னால் வைக்கிறேன்.