கோயில் மணியில் பதிந்த குரல்

லைட்ஹவுஸ் குப்பம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கணவருக்கு ஜெசிந்தா எழுதுவது. மாதா தயவில் நானும் பிரின்சியும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எத்தனை முறை கேட்டாலும் நீங்கள் சொல்வதில்லை. அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் கீபோர்டு எப்படி இருக்கிறது என்கிறீர்கள். நல்லா இருக்குன்னு சொன்னதும், போட் கிளம்புதுன்னு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. வின்சென்ட் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை பஹ்ரைன் திரும்புகிறார். கருவாட்டோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கீபோர்டைப் பற்றியே எழுதுகிறேன். கேளுங்கள்.

போன மழையில் நம் மாதா கோயில் கோபுரம் விரிசல் விட்டது. மணியை இறக்கி வராந்தாவில் வைத்துவிட்டார்கள். தரையில் உட்கார்ந்த மணியைத் தட்டினால் தண்ணீர்க் குடத்தைத் தட்டின மாதிரிதான் கேட்கிறது. கொடியேற்றம் நெருங்கியதும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஜெரோம் அனுப்பின கீபோர்டில் வெளிச் சத்தத்தைப் பதியலாமாமே, நம் மணியைப் பதிந்து ஸ்பீக்கரில் விட்டால் என்ன என்று கேட்டார். செய்யலாம் சாமி என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்தப் பெட்டிக்குள் ஆயிரம் சத்தம் இருக்கிறது. குதிரை ஓடுகிற சத்தம்கூட இருக்கிறது. நம் மணிச் சத்தத்தை உள்ளே நுழைப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. எல்லப்பன் மாமா மூன்று கழியைக் கட்டி, கயிறு போட்டு மணியைத் தூக்கி நிறுத்தினார். நான் மைக்கைப் பிடித்தேன். முதல் தடவை காக்கா கத்தியது. அடுத்த தடவை ஃபைபர் போட் இன்ஜின். காற்று நின்றால் ஏலக்காரன் கத்துகிறான், அவன் நிறுத்தினால் காற்று வருகிறது. ஒருவழியாகப் பதிந்து, கீபோர்டு கட்டையை அமுக்கிப் பார்த்தால், இடது பக்கக் கட்டையில் மணி மாடு மாதிரி கத்துகிறது, வலது பக்கக் கட்டையில் ஐஸ் வண்டி மணி மாதிரி கேட்கிறது. நம் மணி எந்தக் கட்டையில் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. எல்லப்பன் மாமா, "இன்னாம்மா, மணி அடிக்கணுமா, மணிய ஒடைக்கணுமா"னு கேட்டுவிட்டார். அவருக்குக் கை வலி.

இன்னொன்றும் உண்டு. பதிவுப் பட்டனை அமுக்கினால் மெஷின் காத்திருக்கும். ஏதாவது சத்தம் கேட்டால்தான் பதியத் தொடங்கும். அப்படிக் காத்திருந்த ஒரு நேரத்தில் எரிச்சலில் என் வாயில் வந்துவிட்டது. "பொட்டி வந்துச்சு. ஆளு எப்ப வர்றது?" உடனே எல்லப்பன் மாமா அடித்துவிட்டார். முதலில் நான், பின்னால் மணி. போட்டுக் கேட்டதும் வெட்கமாகப் போய் அழிக்கப் பார்த்தேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. அழிக்கவா என்று கேட்கிறது என நினைத்து, ஆமாம் என்று அமுக்கினேன். சேமிக்கவா என்று கேட்டிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு பதிவு சுத்தமாக வந்தது. சாமியாருக்கும் போட்டுக் காட்டினேன். அதைச் சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் கரண்ட் போனதும் அது போய்விட்டது. மெஷினில் மிச்சம் இருந்தது எது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்.

சாயந்திரம் நான் ஏலத் திட்டில் நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். கோயில் வேலை பார்க்கும் பரத், பூசைக்கு மணி அடிக்கிறேன் என்று கட்டையை அமுக்கியிருக்கிறான். கடற்கரை முழுக்க என் குரல். பொட்டி வந்துச்சு, ஆளு எப்ப வர்றது. டாண். வழக்கம்போல மூன்று தடவை. ஆம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். நாகம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் முனியன் அண்ணன் ஓமனுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். "எங்கூட்டுக்கும் சேத்துதான் அடிச்சிகிது"னு சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். பாவம் பரத், அவனைத் திட்டினேன். மறுநாள் எல்லப்பன் மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சி மறுபடி மணியைத் தொங்கவிட்டு, பதிந்து, சேமித்து, பழசை அழித்து, அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போது காலையும் மாலையும் ஒழுங்காக அடிக்கிறது.

பிரின்சிக்கு முன்பல் விழுந்துவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் விடமாட்டேன் என்கிறாள். நைனா நேரில்தான் பார்க்கணுமாம். அதற்குள் புதுப்பல் முளைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் அங்கே சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். கீபோர்டு வேண்டும் என்று கேட்டதும் நான்தான். ஆனால் அங்கேயே வேலை பார்க்க கான்ட்ராக்டில் மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதை வின்சென்ட் அண்ணன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவர் பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டினேன்.

கொடியேற்றம் முடிந்து, எல்லோரும் போனபிறகு சாமியார் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஜெரோம் எப்பம்மா வர்றான்?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் பிரின்சி நின்றிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்துடுவாரு சாமி என்று சொல்லிவிட்டேன்.

பீடத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருக்கிறேன். டிசம்பர்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று. அது பொய்யா இல்லையா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஜெசிந்தா