பலாவில் ஏறிய மிளகு

என்னங்க,

இன்று காலையில் நம் சின்ன மகள் கொல்லையிலிருந்து வந்து என் உள்ளங்கையில் ஒரு மிளகுச் சரத்தை வைத்தாள். பச்சை மணிகளுக்கு நடுவே இரண்டு சிவந்திருந்தன. ஒன்றை நகத்தால் கீறினாள். அந்தக் கார வாசம் மூக்கில் ஏறியதும் சரத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

"பழுத்துருச்சும்மா. இந்த வாரம் பறிச்சாகணும்."

"குருவி தின்னுட்டுப் போகட்டும்" என்றேன்.

போன வருஷமும் அப்படித்தான் விட்டுவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். சவுதியிலிருந்து வந்த கையோடு நீங்கள் நட்ட கொடிகள். "மலையில வெளையிறது நம்ம செம்மண்ணுல எப்படிங்க வரும்?" என்று கேட்டேன். "நெழலும் ஈரமும் இருந்தாப் போதும், அதுக்கு இதுவும் மலைதான் புள்ள" என்று சிரித்தீர்கள். வந்தது. தென்னை இரண்டிலும் பலாவிலும் பற்றி ஏறியது. அது ஏற ஏற என் பயமும் ஏறியது.

நீங்கள் மேலே பறிப்பீர்கள். நான் கீழே மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டு உங்கள் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பேன். கால் வழுக்கிவிடுமோ என்ற பயம்தான் எப்போதும். வேறொன்று வரும் என்று நினைத்ததே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு அன்று, பலாவில் இலைச் சலசலப்பு சட்டென்று நின்றது.

"ஏணிய விட்டுட்டுத் தள்ளிப் போ புள்ள."

"ஏங்க?"

"நெஞ்சப் புடிக்குது. விழுந்தா ஒம் மேலதான் விழுவேன். போ அங்கிட்டு."

நான் போகவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை நேரம்! கடைசிப் படியில் என் விரலை மிதித்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டீர்கள். ஆலங்குடி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் காரிலேயே, என் மடியில், எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

பதினாறு முடிந்த மறுநாள் அந்த ஏணியை வெட்டி அடுப்பில் வைத்தேன். அதோடு தீர்ந்தது என்றிருந்தேன். இன்று மத்தியானம் கொல்லைக் கதவைத் திறக்கிறேன், பக்கத்து வீட்டு அலுமினிய ஏணி பலாவில் சாய்ந்து நிற்கிறது. பாதி உயரத்தில் அவள். இடுப்பில் கட்டிய பை.

"எறங்குடி! எறங்குடி கீழ!"

"நீ கத்துனா எனக்குத்தாம்மா கால் நடுங்குது. வந்து புடி."

நாலு எட்டு தூரம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஏணி வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. விடவில்லை. மேலே சரங்கள் ஒவ்வொன்றாக ஒடிந்து பைக்குள் விழும் சத்தம். ஒரு தடவை அந்தச் சத்தம் நின்றது.

"என்னடி ஆச்சு?"

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அடியே!"

"ஒண்ணுமில்லம்மா. முசுறு எறும்பு கடிச்சிருச்சு."

அவள் தரையில் கால் வைத்த பிறகும் என் விரல்களை ஏணியிலிருந்து அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

தென்னை இரண்டும் பாக்கி. நாளைக்கு ஏறுவாளாம். சொன்னால் கேட்கிற பிள்ளை இல்லை, உங்களை மாதிரி. இதை எழுதும்போதும் கொல்லைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு அப்பாலிருந்து, "நீங்க பயப்படுறீங்கத்தா, ஏணிய நான் வந்து புடிச்சுக்கிறேன்" என்றார்.

வேண்டாம், நானே பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.