சவரிமுத்து என்ற பெயர்

1968 நவம்பர் 2, சனி

மாதாவே, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியும். பிள்ளை இப்போதுதான் தூங்கினான். நாளைக் காலை அவனுக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான் வைப்பது வழக்கம். ஆனால் சவரிமுத்து என்ற தம் அப்பா பெயரை என் வீட்டுக்காரர் வாயால் சொல்வதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு இவர் சினிமாவுக்குப் போயிருக்கிறார். இவருக்குப் பதிலாக ஹார்பரில் மூட்டை தூக்கப் போன இவர் அப்பா, மூட்டை சரிந்து இறந்துபோனார்.

இன்று கல்லறைத் திருநாள். முதல்முறையாக இவரும் எங்களோடு கல்லறைக்கு வந்தார். மெழுகுவத்தியைக் கொளுத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என் மாமியார் இவரைப் பார்க்காமலே பேசினார்.

"உனக்குக் காய்ச்சல் இல்லன்னு அவருக்குத் தெரியும் நைனா. நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு சிரிச்சிகினேதான் வேலைக்குப் போனாரு."

"இத இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அவரு பேச்செடுத்தாலே வூட்ட வுட்டு ஓடிக்கினு இருந்த!"

இவர் மெழுகுவத்தியைக் கொளுத்தினார். வீடு வந்த பிறகும் பெயரைப் பற்றி முடிவு சொல்லவில்லை. தாத்தா பெயரையே வைத்தால், பிள்ளையை வாய்நிறையக் கூப்பிடுவாரா? இல்லை, கூப்பிடாமலே வளர்ப்பாரா? காலையில் சாமியார் என்ன பெயர் என்று கேட்பார். தாயே, சீக்கிரம் பதில் சொல்லும்.