பாதியில் மூடிய அதிகாரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எனக்குச் சுகம், அப்பாவுக்கு உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நீயும் வரப்போகிற மருமகனும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் மூச்சு விடவே பயமாயிருக்கிறது. கல்யாணத் தேதியைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? பெற்றோருக்குக் கீழ்ப்படி என்கிற வேதம்தானே தாய் தகப்பனை வெறுக்காதவன் சீஷனாக முடியாது என்றும் சொல்கிறது, நான் எதற்குக் கீழ்ப்படிய என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறாய். தன்னைக் கேட்காமல் தேதி குறித்தவள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சபையார் முன்னாலேயே சொல்லிவிட்டார், இனி இறங்கி வருவாரா? துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமும் எரிந்து விழுகிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று குடும்ப ஜெபத்தில் உனக்குப் பதில் சொல்லவென்றே ஓர் அதிகாரத்தை எடுத்தார், பேச்சைக் கேட்காத ராஜாவைக் கடவுள் தள்ளிவிடுகிற அதிகாரம். பலியைவிடக் கீழ்ப்படிவதே மேல் என்ற இடத்தில், உனக்கு அங்கே கேட்க வேண்டும்போலக் குரலை உயர்த்தினார். மனம் மாறுவதற்குக் கடவுள் மனிதன் அல்ல என்ற வசனம் வந்ததும் வேதத்தை மூடி, ஜெபிக்கலாம் என்றார். எடுத்த அதிகாரத்தை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே, காய்ச்சலோடுகூட உன்னை உட்காரவைத்த மனுஷன். இன்னும் கொஞ்சம் இருக்குங்க என்று சொல்லி மிச்சத்தை நான் வாசித்தேன். கடைசி வசனத்தில், அதே ராஜாவை ஏற்படுத்தியதற்காகக் கடவுள் மனஸ்தாபப்பட்டார், ஏன் செய்தோம் என்று வருந்தினார் என்றிருக்கிறது. தொடக்கத்திலும் அப்படித்தான் இருந்தது, வாசித்த அவர் காதிலேயே விழவில்லை. அப்போ கடவுள் மனசு மாறுமா மாறாதாங்க, நான் எதை நம்புறது என்று கேட்டுவிட்டேன். உன் மக மாதிரியே பேசாத என்று கத்திவிட்டு, ஜெபிக்காமலே தையல் கடையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபிக்காமல் அவர் எழுந்து போய் நான் பார்த்ததே இல்லை.

அந்த இரண்டு வசனமும் எப்படி ஒத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது, போதகர் ஏதாவது விளக்கம் வைத்திருப்பார். மனம் நோகிற கடவுளிடம்தான் என்னால் அழ முடிகிறது, அவ்வளவுதான். நீயும் வசனத்தை எடுத்து அப்பாவை அடிக்காதே. கேட்காமல் தேதி குறித்தது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேள். கல்யாணத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மறக்காதே, உன் தோள் அளவும் கை நீளமும் உடனே எழுதி அனுப்பு. காலையிலிருந்து அப்பா வெட்டுமேசையில் கல்யாண உடுப்புக்கென்று எடுக்கிற புது வெள்ளைத் துணியை விரித்துவைத்து, கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக நிற்கிறார். என்னோடு இன்னும் பேச்சில்லை. அவ இளைச்சிருப்பாளா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

இப்படிக்கு,
உனக்காக ஜெபிக்கிற அம்மா