பதினான்காவது பத்தியும் எங்கள் வீட்டு வரைவும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று என்னை "தலைவர் அவர்களே" என்று நூற்றுப் பதினான்கு முறை அழைத்தார்கள். எண்ணினேன். எக்கார்ட் பேசும்போது எதையாவது எண்ணாவிட்டால் கண் சொக்கிவிடும்.

இந்த ஆறு மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை எங்கள் லாத்வியாவிடம். அதனால் திரைப்படம், தொலைக்காட்சி பற்றிப் பேசும் குழுவில் நடு நாற்காலி எனக்கு. சுற்றிலும் இருபத்தேழு நாட்டு ஆட்கள். கையில் மணி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை அடிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று ஐந்து மாதமாக அலைகிறேன்.

எங்கள் வரைவின் பதினான்காவது பத்தி இன்றும் நகரவில்லை. இரண்டே வரி: சின்ன மொழிகளில் எடுக்கும் படங்களுக்கு எல்லா நாடுகளும் சேர்ந்து சப்டைட்டில் போட வேண்டும், தத்தம் ஊர்த் திரையரங்குகளில் காட்ட வேண்டும். இருபத்தாறு பேர் சரி என்றுவிட்டார்கள். எக்கார்ட் மட்டும், "எங்க தலைநகரத்துக்குச் சில கேள்விகள் இருக்கு, தலைவர் அவர்களே," என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார். (அவர் எந்த நாடு என்று எழுத மாட்டேன். இந்த நோட்டு தொலைந்தால் வம்பு. பெரிய நாடு. அது போதும்.)

13ஆம் தேதிக்குள் ஒத்துவராவிட்டால் பத்தியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் 19ஆம் தேதி அமைச்சர்கள் முன் வைக்க வேண்டும். ஜூலையில் நாற்காலி அடுத்த நாட்டுக்குப் போய்விடும். மறுபடி எங்கள் முறை வர பதின்மூன்று வருடம் ஆகும். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது.

என் மேலதிகாரி அவுஸ்மா மேடம் மின்தூக்கியில் வைத்துச் சொன்னார்: "மத்த பத்தியெல்லாம் யார் வேணும்னாலும் எழுதலாம் சர்மீதே. அந்த ரெண்டு வரி போச்சுன்னா நாம இங்க காப்பி குடிக்க வந்தோம்னு அர்த்தம்."

ஜூன் 4, புதன்

அலுவலகத்துக்குப் பக்கத்து ஜோர்தான் சதுக்கத்தில் சென்சுவோடு உருளைக்கிழங்கு வறுவல். அவன் மீசையில் மயோனைஸ் ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் சொல்லவே இல்லை. எனக்கு என்ன வந்தது? பள்ளிக்கூடப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

சென்சு மால்டாக்காரன். எங்கள் குழுவில் மால்டாவின் நாற்காலி அவனுடையது. நாற்பத்தாறு வயது, ஓயாத வாய்.

போன வருடம் எங்கள் ஊர்ப் படம் ஒன்றை இங்கே திரையிட்டோம். சப்டைட்டில் போட ஆளில்லை. வந்தவர்கள் பதினோரு பேர், அதில் பத்து பேர் எங்கள் அலுவலகம். பதினோராவது ஆள் சென்சு. ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். சவ ஊர்வலத்தில் சிரித்தான், கல்யாணத்தில் கண்ணைத் துடைத்தான். வெளியே வந்து, "அருமையான படம். அந்தக் குதிரைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். படத்தில் குதிரையே இல்லை. அன்று வீட்டுக்குப் போய் எழுதினதுதான் பதினான்காவது பத்தி. சென்சுவும் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

மூன்று மாதமாக ஒரே கேள்வி. ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன? நானும் ஒரே பதில். பார்க்கலாம்.

இன்று அலுத்துக்கொண்டான். "இருபத்தேழு நாட்டை ஒரு முடிவுக்குக் கொண்டு வர்ற. உன்னை ஒரு முடிவுக்குக் கொண்டு வர யாரால முடியும்? உனக்குக் கெடு வெச்சாத்தான் வேலை நடக்கும் சர்மி."

"வெச்சுப் பாரு," என்றேன். திமிர்.

ஏன் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறேன்? பிடிக்காமலா? பிடிக்கிறது. சொல்லிவிட்டால் சொன்னதாகிவிடுமே, அந்தப் பயம். கூட்டத்தில் பேசுவதெல்லாம் நாட்டின் வார்த்தை. இது என் வார்த்தை.

ஜூன் 10, செவ்வாய்

மௌனக் கெடு வைத்துவிட்டேன்.

வரைவு முழுவதையும் எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் யாரும் மறுத்து எழுதாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று பொருள். மறுக்கிறவர் அந்த அஞ்சலுக்கே பதிலாக, "மௌனத்தை உடைக்கிறோம்" என்று எழுத வேண்டும். ஒரே ஒரு நாடு எழுதினாலும் பத்தி காலி. எங்கள் தொழிலில் உலகத்தை நடத்துவது பேச்சு இல்லை, பேசாமல் இருப்பது. எனக்கென்றே செய்த தொழில்.

"எக்கார்ட் உடைப்பாரா மேடம்?" என்று கேட்டேன்.

அவுஸ்மா மேடம் பேனாவை மூடினார். "அந்த ஆளு முப்பது வருஷமா கெடு முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் உடைப்பாரு. ரயில்கூட அவ்வளவு நேரத்துக்கு வராது."

ஜூன் 11, புதன்

யாரும் எதுவும் எழுதவில்லை. இருபத்தேழு நாடுகளின் அமைதி. பஞ்சு மிட்டாய் தின்றது போல இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

செத்தேன்.

பிற்பகல் மூன்று இருபது. கீழே ஒட்டுகிறேன், எனக்கே நம்பிக்கை வரட்டும்.

"பொருள்: ஒரே வீட்டில் குடியேறுதல் — வரைவு. மதிப்புக்குரிய தலைவருக்கு. ஜூலை முதல் தேதியிலிருந்து மால்டாவும் தலைவரும் இக்ஸெல் பகுதியில் உள்ள தலைவரின் குடியிருப்பில் சேர்ந்து வாழ்வார்கள். மால்டா தினமும் சமைக்கும். தலைவர் பாத்திரம் கழுவலாம், கட்டாயமில்லை. இந்த வரைவு மௌனக் கெடுவின் கீழ் வைக்கப்படுகிறது. வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அன்புடன், மிக அன்புடன், சென்சு."

என் அஞ்சலைத் திறந்து, தலைப்பை மாற்றி, பதில் எழுதியிருக்கிறான். எனக்கு மட்டும் என்று நினைத்து. எல்லாருக்கும் போயிருக்கிறது. இருபத்தேழு நாடு. செயலகம். மொழிபெயர்ப்புத் துறைக்கும் ஒரு பிரதி.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா?" என்றான் குஷியாக. "கெடு எப்படி?"

"நான் பாத்தேன். லிதுவேனியா பாத்துச்சு. ஸ்பெயின் பாத்துச்சு. சென்சு, நீ எல்லாருக்கும் அனுப்பித் தொலைச்சிருக்க."

பிறகு மெல்ல, "மொழிபெயர்ப்புத் துறைக்குமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழிப்பறைச் சுவரில் சாய்ந்து, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அழுதேனோ என்னவோ. ரெண்டும் இருக்கும்.

மாலை ஐந்து மணி. பதில்கள் வந்து குவிகின்றன. யாராவது ஒருவர் நாகரிகமாகக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். இருந்தால் தானே.

பின்லாந்து: "கருத்து இல்லை. வாழ்த்துகள்." டென்மார்க்: "எங்கள் நாடாளுமன்றத்தைக் கேட்டுச் சொல்கிறோம்." போர்ச்சுகல்: "'கழுவலாம், கட்டாயமில்லை' என்பது பிற்காலத்தில் பிணக்குக்கு இடம் தரும். 'முறை வைத்துக் கழுவ வேண்டும்' எனத் திருத்தக் கோருகிறோம்." போர்ச்சுகலை ஆதரித்து ஆறு நாடுகள். லக்சம்பர்க்: "சண்டை எந்த மொழியில்? தெளிவுபடுத்தவும்." கிரீஸ் சமையல் பற்றித் தனி இணைப்பே அனுப்பியிருக்கிறது.

அவுஸ்மா மேடம் என் மேசைக்கு வந்து நின்றார். வேலை போச்சு என்று நினைத்தேன். "பையன் நல்லா சமைப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 13, வெள்ளி

காலை 11.30. குழுவில் ஒருத்தர்கூட பதினான்காவது பத்தியைப் பற்றிப் பேசவில்லை. எல்லாருக்கும் எங்கள் பாத்திரம்தான் கவலை. எக்கார்டின் அஞ்சல் இன்னும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறேன், பார்க்கவில்லை, பார்க்கிறேன்.

11.58. வந்துவிட்டது. எக்கார்ட். "எங்கள் நாட்டால் இந்த வரைவை ஏற்க இயலாது. மௌனத்தை உடைக்கிறோம்."

போச்சு. ஐந்து மாதம். ரெண்டே ரெண்டு வரி.

12.06. இல்லை, பொறு. அவர் பதில் எழுதியது என் அஞ்சலுக்கு இல்லை. சென்சுவின் அஞ்சலுக்கு. பொருள்: ஒரே வீட்டில் குடியேறுதல். அவசரத்தில், குவிந்து கிடந்ததில் மேலே இருந்ததைத் திறந்து எழுதியிருக்கிறார். என் அஞ்சலுக்கு யாரிடமிருந்தும் மறுப்பு இல்லை. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

விதிப்படி பத்தி நிறைவேறிவிட்டது. நானும் சென்சுவும் சேர்ந்து வாழ்வதை ஒரு பெரிய நாடு தடுத்துவிட்டது.

அவுஸ்மா மேடம் என் தோளில் கை வைத்து, "வாயத் தொறக்காத," என்றார். "உனக்குத்தான் அது நல்லா வருமே."

பிற்பகல் 3. வாயைத் திறந்தேன்.

ஏன் என்று தெரியவில்லை. மதிய உணவு இறங்கவில்லை. தப்பான கதவைத் தட்டியவரை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே சோறு தின்பது போல. அவர் எதற்கு எழுதினார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அடுத்த கூட்டத்தில் எந்த முகத்தோடு மணி அடிப்பேன்? மேடத்திடம் சொல்லாமல் வெளியே போய், மழையில், பேருந்து நிறுத்தத்தில் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"ஐயா, உங்க மறுப்பு எந்த வரைவுக்கு?"

"அஞ்சலோட தலைப்புல என்ன இருக்கு மேடம்?"

"ஒரே வீட்டில் குடியேறுதல்."

"அப்ப அதுக்குத்தான்."

"ஐயா, எனக்குத் தெரியும். நீங்க கை தவறி—"

"தவறித்தான் போச்சு. அனுப்பின உடனே பாத்துட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்துச்சு, திருத்தி அனுப்பியிருக்கலாம்." அந்தப் பக்கம் கோப்பை வைக்கும் சத்தம். "டீ ஊத்திக்கிட்டேன்."

வந்த பேருந்தைப் போக விட்டேன், அவர் தொடர்ந்தார்.

"எங்க வீட்டுல பேசுற மொழியை இன்னிக்கு எட்டாயிரம் பேர்தான் பேசுறாங்க மேடம். அந்தத் தலைநகரத்துல யாருக்கும் அது தெரியாது. முப்பது வருஷமா அவங்க எழுதித் தர்றதை நான் நேரத்துக்குச் சொல்லியிருக்கேன். ஒரு தடவை நேரம் தவறிட்டேன். திங்கக்கிழமை அவங்களுக்கு எழுதிடுவேன், என்ன நடந்துச்சுன்னு. ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம். என்ன பண்ணிடுவாங்க?"

"நன்றி ஐயா," என்றேன். மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"நன்றி எதுக்கு? உங்க வீட்டு வரைவை நான் தடுத்திருக்கேன். அந்த மறுப்பை வாபஸ் வாங்க மாட்டேன். வாங்கினா, அப்ப எதுக்குத்தான் எழுதினீங்கன்னு கேப்பாங்க." தொண்டையைச் செருமினார். "மௌனம் உடைஞ்ச வரைவு நேர்ப் பேச்சுக்குப் போகணும். விதி உங்களுக்குத் தெரியாததா, தலைவர் அவர்களே?"

ஜூன் 14, சனி

சென்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குதித்தான், பத்திக்காக. மறுபடி உட்கார்ந்தான், வீட்டுக்காக. "நான் என்னவோ நீ பன்னெண்டு மணி வரைக்கும் மறுக்கலையே, ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்," என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்றுக் காலை முழுவதும், அந்தக் களேபரத்திலும், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், பன்னிரண்டு அடித்தால் தானாக முடிந்துவிடும் என்று.

"பார்க்கலாம்" என்று வாய் வரைக்கும் வந்தது.

ஜூன் 19, வியாழன்

அமைச்சர்கள் கூட்டம். எங்கள் வரைவுக்கு நாற்பது விநாடி. பதினான்காவது பத்தி அதே இரண்டு வரியோடு, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் போயிற்று. பின்வரிசையில் உட்கார்ந்து அவுஸ்மா மேடத்தின் கையை நசுக்கிவிட்டேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவே இல்லை.

எதிர் வரிசையில் எக்கார்ட், பிளாஸ்கோடு. என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

லாத்வியா. கோடைத் திருவிழா, ஊரே தலையில் ஓக் இலைக் கிரீடத்தோடு. சென்சுவையும் கூட்டி வந்தேன். என் அண்ணன் இவனுக்குச் சீரகப் பாலாடைக்கட்டி ஊட்டி ஊட்டியே நட்பாகிவிட்டான், பொது மொழி ஏதுமில்லாமல். விடியும்வரை பாடினார்கள். இவன் வார்த்தை தெரியாமல் எல்லாரையும்விட உரக்கப் பாடினான்.

காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான். சொன்னேன். நாட்டின் சார்பாக இல்லை, கெடு எதுவும் இல்லை.

"வந்துடு சென்சு. எனக்கு நீ வேணும்."

என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. அவன் ஒரு நிமிடம் பிழிந்த காலுறையோடு அப்படியே நின்றான். பிறகு அதை ஆற்றில் விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

ஜூலை 2, புதன்

சென்சுவின் பெட்டிகள் பதினேழு. அதில் ஒன்பது பாத்திரம். நாற்காலி நேற்று அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

எக்கார்ட் எனக்கு மட்டும் ஓர் அஞ்சல் அனுப்பியிருந்தார். எட்டாயிரம் பேர் பேசும் மொழியில் ஒரு படம் எடுக்கிறார்களாம், அக்டோபரில் முடியுமாம், சப்டைட்டிலுக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

உடனே பதில் எழுதினேன்: "என்னிடம்."